மூணாம் வாசல்

வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கும் மெக்கானிக் யாரென்று கேட்டால் அந்தப் பகுதியில் நாலு பேரைக் கை காட்டுவார்கள். சைரன் யாரென்று கேட்டால் ஒரே ஆள்தான். ஃபுட்பால் மைதானத்தின் கிழக்கு ஸ்டாண்டில் யாரோ வைத்த பெயர் அது. வைத்தவர் யாரென்று இப்போது யாருக்கும் ஞாபகமில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அது பிறவிக் குரல். அவர் சாதாரணமாகப் பேசினாலே பக்கத்து வீட்டில் சண்டை என்று நினைப்பார்கள். கஸ்டமர்களின் அழைப்பை வாங்கி, விலாசம் எழுதி, எந்த வீட்டுக்கு எப்போது போகவேண்டும் என்று அவருக்குச் சொல்வது மனைவியின் பொறுப்பு. ஆபீஸ் என்று ஒன்று இருந்தால் அது அந்த அம்மாள்தான். "போனுக்கு எதுக்கு சார்ஜ் போடுறீங்க, ஜன்னலைத் தொறந்து பேசுங்க, அவங்களுக்கே கேக்கும்" என்பார் அவர். மைதானத்தில் மட்டும் அந்தக் குரலுக்கு மரியாதை இருந்தது. சைரன் எழுந்து நின்று ஒரு வரியை எடுத்துக் கொடுத்தால் கிழக்கு ஸ்டாண்ட் முழுவதும் அதைப் பிடித்துக்கொள்ளும். வாரம் முழுக்க ஈரத் தரையில் குப்புறப் படுத்து அடுத்தவர் வீட்டு அழுக்குத் தண்ணீரை வெளியேற்றும் மனிதருக்கு அது லேசான விஷயமா?

ஒரு சீசன் முடிந்து அடுத்தது தொடங்கும் வரைக்கும் உள்ள மாதங்கள் அவருக்கு ஆகவே ஆகாது. கை வேலை செய்யும், மனசு மைதானத்தில் கிடக்கும். காலையில் பேக்கரிக்காரர் கடையில் நின்றபடி டீயும் பன்னுமாக அரை மணி நேரம் கிளப்பைப் பற்றிப் பேசினால்தான் அன்றைய பொழுது ஓடும். பேக்கரிக்காரர் ஸ்டாண்டில் அவருக்குப் பக்கத்து இருக்கை. இருபது வருஷமாக ஒரே இருக்கை, ஒரே சண்டை.

இந்த முறை பேச நிறைய இருந்தது. போன சீசன் கிளப் தப்பிப் பிழைத்ததே பெரும்பாடு. கடைசி ஆட்டத்தில் அந்த பெனால்டி கிடைத்திராவிட்டால் கீழ் டிவிஷனுக்கு மூட்டையைக் கட்டியிருக்கவேண்டியதுதான். இப்போது புது கோச் வந்திருக்கிறார். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, வாத்தியார் மாதிரி மெதுவாகப் பேசுகிறார். அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று இருவருக்கும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. ஃபார்வர்டுக்கு ஒரு நெட்டையனைப் பிடித்திருக்கிறார்கள். தலையால் முட்டினால் வலை கிழியுமாம், பேப்பரில் போட்டிருந்தது. கோல் காக்கிற கோலிக்குத்தான் வயசாகிவிட்டது.

"அவன் குனிஞ்சு பந்தை எடுக்கிறதைப் பாத்தா எனக்கு இடுப்பு வலிக்குது" என்றார் பேக்கரிக்காரர்.

"கோலியை விடுப்பா. லெஃப்ட் சைடுதான் எனக்கு வயித்துல புளியைக் கரைக்குது" என்றார் சைரன். "மூணாம் நம்பரை அனுப்பிட்டாங்க, சரி. அதுக்குப் பதிலா வேற கிளப்லேர்ந்து ஒரு சின்னப் பையனைக் கடன் வாங்கியிருக்காங்களாம். மீசைகூட ஒழுங்கா முளைக்கல."

"போனவனுக்கு முளைச்ச மீசை என்னத்தைக் கிழிச்சுது?"

இருவரும் சிரித்தார்கள். டிரேயில் பன் அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணும் சிரித்தாள். மூணாம் நம்பர் என்றாலே அந்த ஊரில் சிரிப்புதான் வரும். அப்படி ஆக்கிவைத்தது சைரன்.

போன சீசனின் நடுவில் ஒரு ஆட்டம். எதிரணி ஆட்டக்காரர்கள் திரும்பத் திரும்ப இடது பக்கமாகவே உள்ளே புகுந்தார்கள். இடது பக்கத்தைக் காக்கவேண்டிய மூணாம் நம்பர் ஒவ்வொரு தடவையும் ஒரு எட்டு பின்தங்கினான். இரண்டு கோல் விழுந்தது. மூன்றாவதும் அதே வழியில் விழுந்தபோது சைரன் எழுந்து நின்றார். யோசித்துச் செய்ததல்ல. வாயில் தானாக வந்தது.

"மூணாம் வாசல் தொறந்திருக்கு, வாங்க வாங்க, உள்ள வாங்க."

வீட்டு வாசலில் நின்று விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல இரண்டு கையையும் நீட்டிச் சொன்னார். பேக்கரிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முன் வரிசை திரும்பிப் பார்த்துச் சிரித்தது. தோற்றுக்கொண்டிருக்கிற கூட்டத்துக்குச் சிரிக்க ஒரு காரணம் கிடைத்தால் விடுமா? அடுத்த நிமிஷம் கைதட்டல் சேர்ந்துகொண்டது. அதற்கடுத்து டிரம் சேர்ந்துகொண்டது. ஐயாயிரம் பேர், ஒரே தாளம். எல்லைக்கோட்டின் பக்கமாக ஓடிவந்த மூணாம் நம்பர் ஒரு கணம் நின்று ஸ்டாண்டை நிமிர்ந்து பார்த்தான். சைரனுக்கு அது ஒரு வெற்றியாகப் பட்டது. பார்த்தியா, காதில் விழுந்துவிட்டது, இனியாவது ஒழுங்காக ஆடுவான் என்று பேக்கரிக்காரரின் தொடையில் தட்டினார்.

அவன் ஒழுங்காக ஆடவில்லை. பாட்டு மட்டும் நன்றாக வளர்ந்தது. எதிரணி ரசிகர்களும் கற்றுக்கொண்டார்கள். பஸ்ஸில் பாடினார்கள், பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் பாடினார்கள். மெக்கானிக்கின் மனைவி ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் முணுமுணுப்பார். சீசன் முடிந்ததும் கிளப் மூணாம் நம்பரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பேப்பரில் இரண்டு வரிச் செய்தி வந்தது. அதோடு சரி.

புது சீசனுக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது, ஒரு காலையில் மனைவி விலாசச் சீட்டைக் கொடுத்தார். நாலாவது மாடி, மெஷினிலிருந்து தண்ணீர் வெளியே போகவில்லை, துணியெல்லாம் உள்ளேயே மிதக்கிறது.

படியேறி மணியடித்தார். கதவைத் திறந்த அம்மாளுக்கு அவரைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். வாங்க என்று சொல்லவில்லை. ஒதுங்கி வழிவிட்டு நின்றார், அவ்வளவுதான். சில வீடுகளில் அப்படித்தான், ரிப்பேர் ஆளுக்கு என்ன உபசாரம் வேண்டியிருக்கிறது என்று அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"மெஷின் எங்கக்கா இருக்கு?" என்று கேட்டார், அவருடைய வழக்கமான குரலில்.

"பால்கனில தம்பி. பாத்து, தரையெல்லாம் ஈரம்."

ஆனால் அந்த அம்மாள் சிடுமூஞ்சி இல்லை. மெக்கானிக் படுத்து மெஷினின் அடிமூடியைத் திறப்பதற்குள் பழைய துண்டுகள் இரண்டைக் கொண்டுவந்து போட்டார். அகலமான தட்டு ஒன்றையும் கேட்காமலே எடுத்துவந்தார். அழுக்குத் தண்ணீர் தட்டில் வடிய ஆரம்பித்ததும் டீ போடப் போனார். டீயோடு திரும்பியபோது மெக்கானிக்கின் கண் பால்கனிக் கொடியில் இருந்தது. அங்கே கிளப்பின் பச்சைப் பயிற்சிச் சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நம்ம ஆளுங்களாக்கா நீங்க? மேட்ச் பாப்பீங்களா?"

"முன்னாடி பாப்போம்" என்றார் அந்த அம்மாள்.

"இந்த சீசன் விடாமப் பாருங்க. புது கோச், புது ஃபார்வர்ட். எனக்கென்னவோ இந்த வாட்டி மேல வருவோம்னுதான் தோணுது. அந்த மூணாம் நம்பர் தொலைஞ்சான், அதுவே பாதி நிம்மதி. அவனை வச்சுக்கிட்டு நாங்க பட்ட பாடு இருக்கே..."

சொல்லிக்கொண்டே பம்ப்பின் ஃபில்டரைத் திருகி வெளியே இழுத்தார். நூலும் முடியுமாகச் சுருண்டு கிடந்த அழுக்குக்குள்ளிருந்து ஏதோ ஒன்று டங்கென்று தட்டில் விழுந்தது. எடுத்துத் துடைத்துப் பார்த்தார். பூட்ஸின் அடியில் திருகுகிற உலோக ஸ்டட். யாருடைய டவுசர் பாக்கெட்டிலோ இருந்து மெஷினுக்குள் போய், பம்ப்பின் விசிறியில் சிக்கியிருக்கிறது.

"அது என் பையனோடது" என்றார் அந்த அம்மாள். "நீங்க இப்பச் சொன்னீங்களே, மூணாம் நம்பர். அவன்தான்."

மெக்கானிக் எழுந்து உட்கார்ந்தார். "அக்கா, நான் ஏதோ..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"பரவால்ல தம்பி. நீங்க புதுசாவா சொல்லிட்டீங்க, ஊரே சொல்லுது. டீயைக் குடிங்க, ஆறுது."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அந்த அம்மாள் பால்கனி நிலைப்படியில் உட்கார்ந்து, யாரிடமாவது சொல்லவேண்டும் என்று காத்திருந்தவர்போலப் பேசினார். போன சீசன் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பையனுக்குக் கணுக்காலில் அடி. மாற்று ஆள் இல்லை என்று கிளப்பில் ஊசி போட்டுப் போட்டு இறக்கிவிட்டார்கள். வெளியே சொல்லக்கூடாது, சொன்னால் எதிரணிக்காரன் அந்தக் காலையே குறிவைப்பான் என்றார்கள். ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கும். ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு சோபாவிலேயே தூங்கிவிடுவான்.

"வலி கூடப் பெருசில்ல தம்பி. அந்தப் பாட்டுதான். நானும் ஒரு நாள் மைதானத்துல இருந்தேன். எனக்கு முதல்ல புரியல, எல்லாரும் சந்தோஷமா வாங்க வாங்கன்னு பாடுறாங்களேன்னு நானும் கூடவே கைதட்டினேன். பக்கத்துல இருந்த பொண்ணு சொல்லித்தான் யாரைப் பாடுறாங்கன்னு தெரிஞ்சுது." சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டார். "இப்பல்லாம் வீட்டுக்கு யாராவது வந்தா, வாங்கன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது. நாக்கு கூசுது. நீங்க வந்தப்பகூட சொல்லல பாருங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

மெக்கானிக்கின் கையில் டீ கிளாஸ் அப்படியே இருந்தது. ஒரு வாய் குடித்திருந்தார். கிளாஸைத் தரையில் வைத்தார்.

"யாரோ ஒருத்தன் கட்டிவிட்ட பாட்டு" என்றார் அந்த அம்மாள். "அவன் என் கையில கெடைச்சா என்ன பண்ணணும்னு முந்தியெல்லாம் யோசிப்பேன். ஒண்ணும் பண்ணமாட்டேன். என் பையன்கூட உக்கார வச்சு சாப்பாடு போடுவேன். ஒரு உருண்டை எறங்குதான்னு பாக்கணும், அவ்வளவுதான்."

மிச்ச வேலையை மெக்கானிக் வாய் திறக்காமல் முடித்தார். ஃபில்டரைக் கழுவி மாட்டினார், விசிறி சுற்றுகிறதா என்று விரலால் தள்ளிப் பார்த்தார், மெஷினை ஒரு தடவை ஓடவிட்டு நீர் வெளியேறுவதைச் சரிபார்த்தார். அந்த அம்மாள் ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டினார். தன் குரலைக் கண்டு தானே பயந்தது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

கிளம்பும்போது உள் அறைக் கதவு திறந்தது. மூணாம் நம்பர் வந்தான். சட்டையில் நம்பர் இல்லாமல் பார்க்க, எந்த வீட்டிலும் இருக்கக்கூடிய ஒரு பிள்ளையாகத்தான் இருந்தான், வலது காலைச் சற்றுப் பார்த்துப் பார்த்து ஊன்றினான்.

"ஆச்சாண்ணே?"

"ஆச்சு தம்பி" என்றார் மெக்கானிக், காற்றோடு போகிற குரலில்.

"பையைக் குடுங்க, லிஃப்ட் ஓடல. கீழ வரைக்கும் கொண்டாந்து தரேன்."

"வேணாம் தம்பி, கால்..."

அவன் அதற்குள் கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். இரண்டு மாடி இறங்கினார்கள். ஜன்னல் இருந்த ஒரு திருப்பத்தில் அவன் பையைக் கீழே வைத்தான்.

"கிழக்கு ஸ்டாண்ட்தானேண்ணே நீங்க?"

மெக்கானிக் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டார்.

"உள்ள படுத்திருந்தேன். மெஷின் எங்கக்கான்னு கேட்டீங்களே, அப்பவே தெரிஞ்சுபோச்சு. அம்மாவுக்குத் தெரியாது. நானும் சொல்லப்போறதில்ல. டீ போட்டுக் குடுத்துட்டோமேன்னு அதுக்கு ஒரு தடவை அழுவாங்க, எதுக்கு?"

"விளையாட்டா ஆரம்பிச்சது தம்பி."

"எனக்கு அது வேலைண்ணே."

கீழே யாரோ பாத்திரம் தேய்க்கிற சத்தம் படிக்கட்டு வழியாக ஏறிவந்தது. அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினான். "நான் வந்த மொத வருஷம், ஒரு மழை மேட்ச் ஞாபகமிருக்கா? கோல் லைன்ல விழுந்து பந்தை நிறுத்தினேன். எழுந்திருக்கிறதுக்குள்ள ஸ்டாண்டுலேர்ந்து என் பேரு. நீங்கதான் எடுத்துக் குடுத்தீங்க. வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட அதையேதான் சொல்லிட்டிருந்தேன். அதுக்கப்புறம் எந்த மேட்ச்லயும் மொதல்ல உங்க குரல்தான் காதுல விழும். நீங்க எந்த வரிசைன்னுகூட எனக்குத் தெரியும். அன்னிக்கு நிமிந்து பாத்தேன் இல்ல? அது வேற யாரோவா இருக்கும், நீங்களா இருக்காதுன்னு நெனச்சுத்தான் பாத்தேன்."

அந்த மழை ஆட்டம் மெக்கானிக்குக்கு நன்றாக ஞாபகமிருந்தது. நனைந்து தொப்பலாகி வீடு வந்து, மனைவி துவட்டிவிட, இந்தப் பையன் பத்து வருஷத்துக்கு நம்ம இடது பக்கத்தைப் பாத்துக்குவான் என்று சொன்னதும் ஞாபகமிருந்தது. போன சீசன் முழுக்க அது எங்கே போயிருந்தது என்றுதான் தெரியவில்லை.

"இனிமே எங்கப்பா ஆடப்போற?"

"வெளியூர்ல ஒரு கிளப், சின்ன டிவிஷன்தான். அடுத்த வாரம் வந்து ஆடிக் காட்டச் சொல்லியிருக்காங்க. கால் கேட்டா சரி."

"கண்டிப்பா எடுத்துக்குவாங்க தம்பி, நீ வேணா பாரு..."

"அண்ணே" என்றான் அவன், மரியாதை குறையாமல். "அதை மட்டும் நீங்க சொல்லவேணாம்."

பையை அவர் கையில் கொடுத்துவிட்டு மேலே ஏறிப் போனான்.

அன்று மத்தியானம் மெக்கானிக் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது மனைவி ஃபிரிட்ஜுக்குள் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். வாய் தன்பாட்டுக்கு முணுமுணுத்தது. "நிறுத்து" என்று மெக்கானிக் போட்ட சத்தத்தில் கையிலிருந்த தயிர்க் கிண்ணம் சாய்ந்தது. என்ன ஏது என்று கேட்டவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி கொட்டிய தயிரைத் துடைக்க மறந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நானும்தானே பாடினேன்" என்றார் கடைசியில்.

"அந்த அக்காகிட்ட நேரா போய்ச் சொல்லிடலாமான்னு இருக்கு."

"வேணாம். சொன்னா உங்க பாரம் எறங்கும், அவங்களுக்கு ஏறும். அந்தப் பையனே மறைக்கணும்னு நினைக்கிறப்ப நீங்க எதுக்கு நடுவுல?"

மனைவி சொன்னது சரி என்று அவருக்கும் பட்டது. சரி என்று பட்டதால் நெஞ்சுக்குள் கிடந்தது கரைந்துவிடுமா? பேக்கரிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். போனாலும் கோச், கோலி என்று பேச்சு எடுத்தால் பாதியில் நழுவினார். சீசனைப் பற்றிய கவலைகள் எல்லாம் அப்படியேதான் இருந்தன, ஆனால் அவற்றைச் சொல்ல வாய் திறந்தால் வேறொரு கவலை முந்திக்கொண்டு வந்து நின்றது.

சீசனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு பயிற்சி ஆட்டம் வைத்தார்கள். பேக்கரிக்காரர் வீட்டுக்கே வந்து அழைத்துப் போனார். புதிதாகப் போட்ட புல் பச்சைப்பசேல் என்று இருந்தது. நெட்டையன் முதல் பத்து நிமிஷத்திலேயே தலையால் முட்டி ஒரு கோல் போட்டான். ஸ்டாண்ட் குலுங்கியது. சைரனும் எழுந்து கத்தினார், ஒரு நிமிஷம் எல்லாம் மறந்துபோனது. வந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

கடன் வாங்கிய பையன் மூணாம் நம்பர் சட்டையில் கிழக்கு ஸ்டாண்டுக்கு முன்னால், எல்லைக்கோட்டை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தான். சட்டை அவனுக்கு ஒரு அளவு பெரிது. பயத்தில் பந்தை வாங்கிய உடனே யாருக்காவது தள்ளிவிட்டான். எதிரணியின் வேகமான ஆட்டக்காரன் ஒருவன் அவனை ஒரு தடவை தாண்டிப் போனான். மறுபடி ஒரு தடவை போனான். முன் வரிசைக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி சைரனைப் பார்த்தார்கள், வாயில் பாதிச் சிரிப்பை வைத்துக்கொண்டு.

சைரன் தலையை ஆட்டி மறுத்தார். "வேணாம்ப்பா. புதுப் பையன்."

அவர் எடுத்துக் கொடுக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. மூன்றாவது தடவை பையன் தடுமாறி விழுந்தபோது கீழ் வரிசையில் எங்கிருந்தோ வேறொரு குரல் கிளம்பியது. மூணாம் வாசல் தொறந்திருக்கு. டிரம் காத்துக்கொண்டிருந்ததுபோல உடனே விழுந்தது. ஸ்டாண்ட் மொத்தமும் கைதட்டியது.

சைரன் எழுந்து நின்றார். "நிறுத்துங்கப்பா, வேணாம், நிறுத்துங்க" என்று கத்தினார். இரண்டு கையையும் நீட்டித் தடுத்தார். அவர் வழக்கம்போல விருந்தாளியைக் கூப்பிடுகிறார் என்று நினைத்து ஜனங்கள் இன்னும் உற்சாகமாகப் பாடினார்கள். பேக்கரிக்காரர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"என்னய்யா ஆச்சு உனக்கு? நீ கட்டின பாட்டுதானே?"

"அந்தப் பையன் என்ன பாவம் பண்ணினான்?"

"பையனையா பாடுறாங்க? நம்பரைப் பாடுறாங்க. யார் போட்டாலும் அதே சட்டைதானே?" என்றார் பேக்கரிக்காரர். அவர் கெட்ட மனிதர் இல்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

பையன் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு ஸ்டாண்டை நிமிர்ந்து பார்த்தான். யாரைத் தேடுகிறான் என்று தெரியவில்லை. அவனுக்கு இங்கே யாரையும் தெரியாது.

இடைவேளையில் சைரன் எழுந்து போனார். மைதானத்தைச் சுற்றி நடந்து, எதிர்ப்புறம் இருக்கும் மேற்கு ஸ்டாண்டின் காலி வரிசை ஒன்றில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து அவர் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. பக்கம் மாறிய அணிகள் இறங்கியபோது, மூணாம் நம்பர் இப்போது அவருக்கு முன்னால் ஓடினான். கிழக்கிலிருந்து பாட்டு மறுபடி வந்தது. தன் வாயிலிருந்து போனது எப்படி இருக்கும் என்று அவர் முதல் தடவையாகக் கேட்டார். அங்கே இருக்கும்போது அதில் ஒரு குஷி இருக்கும், சிரிப்புச் சத்தம் கலந்திருக்கும். இவ்வளவு தூரம் வருவதற்குள் சிரிப்பெல்லாம் வழியில் உதிர்ந்துவிட்டது. வார்த்தை மட்டும் வந்து சேர்ந்தது.

பையன் பந்தை வெளியிலிருந்து எறிய எல்லைக்கோட்டுக்கு வந்தபோது, சைரன் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நல்ல குரலில்தான் கூப்பிட்டார். பையன் திரும்பவில்லை. கழுத்து மட்டும் விறைத்தது.

அதற்கடுத்த மூன்று நாளும் மெக்கானிக்குக்கு வேலை ஓடவில்லை. நாலாவது நாள் மனைவி கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அந்த நாலாவது மாடி வீட்டு நம்பரைத் தேடிப் போன் செய்தார்.

"யாரு, மெஷின் தம்பியா?" அந்த அம்மாளின் குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது. "மெஷின் நல்லா ஓடுது. நானே கூப்பிட்டுச் சொல்லணும்னு இருந்தேன்."

"தம்பி வெளியூர் போனானே, என்னாச்சுக்கா?"

"எடுத்துக்கல. காலைப் படம் புடிச்சுப் பாத்துட்டு, நல்லா ஆடுற, ஆனா வேணாம்னுட்டாங்களாம். எங்க அண்ணன் டைல்ஸ் கடை வச்சிருக்காரு, நாளையிலேர்ந்து இவன் அங்க போறான். நின்னுக்கிட்டே பாக்குற வேலை. என்ன பண்றது?"

மெக்கானிக்கால் அடக்க முடியவில்லை. "அக்கா, அந்தப் பாட்டு... அதைக் கட்டினது நான்தான்" என்றார். அதற்குமேல் அவர் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. மன்னிச்சிடுங்க என்றார், இரண்டு தடவை.

அந்த அம்மாள் கேட்டது ஒன்றுதான்.

"அவனுக்குத் தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த நொடியில் அது தோன்றவில்லை. "தெரியும்க்கா. அன்னிக்கே தெரியும்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே அவன்." கோபம் இல்லை அந்தக் குரலில், மெக்கானிக் கோபத்துக்குத்தான் தயாராக இருந்தார். "இன்னும் என்னென்ன மறைச்சு வச்சிருக்கானோ. அன்னிக்கு நான் அவ்வளவு நேரம் உங்ககிட்ட சொல்லிட்டிருந்ததை எல்லாம் உள்ளேர்ந்து கேட்டுக்கிட்டு கெடந்தானா?"

மெக்கானிக் போனை இன்னொரு காதுக்கு மாற்றிப் பிடித்தார்.

"சரி தம்பி. இனிமே மெஷின் கெட்டா நான் வேற ஆளைப் பாத்துக்கிறேன்" என்றார் அந்த அம்மாள். போனை வைத்துவிட்டார்.

கடையிலிருந்து வந்த மனைவி அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். திட்டவில்லை. பைகளைச் சமையலறையில் வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பையன் இத்தனை மாதம் தன் அம்மாவுக்குத் தெரியாமல் சுமந்துகொண்டிருந்ததை ஒரு போனில் அந்த அம்மாள் கையில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டேன் என்றார் மெக்கானிக். அவர் தணிந்த குரலில் பேசி மனைவி அதுவரை கேட்டதில்லை. காதைக் கிட்டே கொண்டுபோகவேண்டியிருந்தது.

சனிக்கிழமை சீசன் தொடங்கியது. அவர் போனார், போகாமல் இருக்க அவரால் முடியவில்லை. பேக்கரிக்காரருக்குப் பக்கத்தில் பழைய இருக்கையிலேயே உட்கார்ந்தார். கிளப் நன்றாகவே ஆடியது. கடன் வாங்கிய பையன் பயம் தெளிந்து, ஒரு தடவை முன்னேறிப் போய் அழகாகப் பந்தைத் தூக்கிக் கொடுத்தான், நெட்டையன் அதை கோலாக்கினான். பையனின் பெயரை யாராவது எடுத்துக் கொடுப்பார்கள் என்று ஸ்டாண்ட் காத்திருந்தது. சைரன் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கூட்டம் அதற்குள் நெட்டையனின் பெயருக்குத் தாவிவிட்டது.

"குரல் என்னாச்சு?" என்றார் பேக்கரிக்காரர்.

"தொண்டை சரியில்ல."

பேக்கரிக்காரர் பாக்கெட்டைத் துழாவி ஒரு மிட்டாயை எடுத்துக் கொடுத்தார். சைரன் வாங்கி, காகிதத்தைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். கீழே எல்லைக்கோட்டின் பக்கம் பையன் தனியாக ஓடித் தன் இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தான்.